நோகாத நோய்

காலைத் திருப்பலி முடிந்து வெளியே வரும் குருவிடம் கோயில் வாசலில் நின்று கேட்கப்படும் காரியங்கள் பெரும்பாலும் தெரிந்தவைதாம். இறந்தவருக்கு ஒரு பூசை, ஞானஸ்நானச் சீட்டு, புதுமனை மந்திரிப்பு, பையனுக்கு ஒரு சிபாரிசுக் கடிதம். அண்மைக் காலத்தில் இவற்றோடு ஒரு கேள்வியும் சேர்ந்திருக்கிறது. வயது முதிர்ந்த தாய்மாரே மிகுதியாகக் கேட்கின்றனர். "ஏனுங் சாமி, வெறும் வயித்துல நன்மை வாங்கோணும்னு எங்கம்மா சொல்லிக் குடுத்திருக்குதுங்க. காலைல பிரசர் மாத்திரை முழுங்கீட்டு வந்தா நன்மை வாங்கலாமுங்களா?"

வாங்கலாம். தயக்கமே வேண்டுவதில்லை. இரண்டாம் அருள் சின்னப்பர் 1983இல் வெளியிட்ட திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 919ஆம் சட்டம், நற்கருணை உட்கொள்வதற்கு ஒரு மணி நேரம் முன்னதாக உணவையும் பானத்தையும் தவிர்க்கவேண்டும் என்று விதிக்கும் அதே இடத்தில், தண்ணீருக்கும் மருந்துக்கும் விலக்களிக்கிறது. அச்சட்டத்தின் மூன்றாம் பிரிவோ இன்னும் ஒருபடி சென்று, முதியோரும் நோயுற்றோரும் அவர்களைப் பேணுவோரும் அந்த ஒரு மணி நேரத்துக்குள் சிறிது உண்டிருந்தாலும் நற்கருணை வாங்கலாம் என்கிறது. அந்தத் தாயின் தாய் சொல்லிக் கொடுத்ததும் பொய்யன்று. நள்ளிரவு முதல் ஒரு வாய்த் தண்ணீரும் அருந்தாமல் இருக்கவேண்டும் என்பதே முன்னாளைய ஒழுங்கு. 1953இல் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர், தண்ணீர் அந்த உபவாசத்தை முறிக்காது என்று அறிவித்தார். 1957இல் அவரே அதனை மூன்று மணி நேரமாகக் குறைத்தார். 1964இல் ஆறாம் சின்னப்பர் ஒரு மணி நேரமாக்கினார். சட்டம் மாறிப் பல்லாண்டுகள் ஆகியும் வீட்டு வழக்கம் மாறவில்லை. ஆறரை மணிப் பூசைக்கு வருகின்ற பாட்டி, மாத்திரையை வந்து போட்டுக்கொள்ளலாம் என்று மாடத்திலேயே வைத்துவிட்டு வருகிறார். பூசை முடிந்து, கெபியில் செபமாலை சொல்லி, உடன் வந்தவளோடு நாலு வார்த்தை பேசி, காய்கறி வாங்கிக்கொண்டு வீடு சேரும்போது மணி ஒன்பது. அன்றைய மாத்திரை அன்றோடு போயிற்று. நாள்தோறும் பூசை காண்பவர் நாள்தோறும் இழக்கிறார். பக்தியுள்ளவரே அதிகம் இழக்கிறார் என்பதுதான் இதில் வருத்தமான வேடிக்கை.

ஆயினும் மாத்திரையை ஒதுக்குவதற்கு நற்கருணை உபவாசம் ஒரு சிறு காரணமே. பெரிய காரணம் நோயின் இயல்பிலேயே இருக்கிறது. பல்வலிக்காரனுக்கு மருந்தை நினைவூட்ட ஆள் வேண்டா, பல்லே நினைவூட்டும். இரத்த அழுத்தம் உயர்ந்தவருக்கோ பெரும்பாலும் ஒன்றுமே தெரிவதில்லை. தலை சுற்றினால்தான் பிரசர், கோபம் வந்தால்தான் பிரசர் என்று நம் மக்கள் எண்ணுகின்றனர். மேல் எண் 180 காட்டும் நாளிலும் சிரித்துப் பேசி, மூன்று வேளையும் பசித்து உண்டு, கல்யாணப் பந்தலில் ஓடியாடி வேலை செய்பவர்கள் உண்டு.

தோட்டத்தில் ஆழ்குழாய்க் கிணற்று மோட்டாரைச் சொட்டு நீர்க் குழாயோடு இணைத்திருப்போருக்கு இதனை விளக்குவது எளிது. வால்வு சரியாகத் திறக்காமல் மோட்டார் ஓடினால் அன்றைக்கே ஒன்றும் நேர்ந்துவிடாது. குழாய் சத்தம் போடாது. இணைப்புகள் நாளுக்கு நாள் சிறிது சிறிதாகத் தளர்ந்து, ஓர் இரவில் எங்கோ ஓரிடத்தில் பிய்த்துக்கொள்ளும். நம் உடலில் அந்த இடம் மூளையாக இருந்தால் பக்கவாதம். இதயம் வருடக்கணக்கில் எதிர் அழுத்தத்தோடு மல்லுக்கட்டித் தடித்துப் பின் தளர்கிறது. சிறுநீரகத்தின் நுண்குழல்களும் கண்ணின் உட்திரையும் ஓசையின்றிப் பழுதடைகின்றன. பல முறை அளந்தும் மேல் எண் 140ஆகவோ, கீழ் எண் 90ஆகவோ, அதற்கு மேலாகவோ நின்றால் அதனை உயர் அழுத்தம் என்று மருத்துவர்கள் பொதுவாகக் கொள்கின்றனர்.

இந்த அழுத்தத்தை உலகில் முதன்முதல் அளந்து எழுதியவர் ஒரு பங்குக் குரு என்பதைச் சொல்லாமல் செல்ல மனம் வரவில்லை. நம் சபையைச் சேர்ந்தவரல்லர்; இலண்டனுக்கு அருகே டெடிங்டன் என்னும் ஊரில் ஆங்கிலிக்கன் சபைக் குருவாயிருந்த ஸ்டீபன் ஹேல்ஸ். கட்டிக் கிடத்திய ஒரு பெண்குதிரையின் தமனியில் பித்தளைக் குழலைச் செருகி, அதனோடு நீண்ட கண்ணாடிக் குழாயை நிறுத்தினார். இரத்தம் 8 அடி 3 அங்குலம் ஏறி நின்றது. 1733இல் அதனை நூலாக வெளியிட்டார். குதிரையின் பாடு பரிதாபந்தான். ஊசி குத்தாமல் கையில் பட்டை சுற்றி அளக்கும் பாதரசக் கருவியை இத்தாலியின் தூரின் நகரில் ரீவா ரோச்சி என்னும் மருத்துவர் அமைத்தது 1896இல்.

அளக்கக் கற்ற பின்னும் அரை நூற்றாண்டுக் காலம் மருந்து கிடைக்கவில்லை. உலகப் போரை நடத்திய அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்டை 1944 மார்ச்சு மாதத்தில் இதய மருத்துவர் ஒருவர் பரிசோதித்தபோது அவருடைய அழுத்தம் 186க்கு 108. உப்பைக் குறைத்தார்கள், ஓய்வு கொடுத்தார்கள், இதயத்துக்கு அக்காலத்தில் இருந்த மருந்தைக் கொடுத்தார்கள். அழுத்தத்தை இறக்கும் மாத்திரை என்று கையில் ஒன்றும் இல்லை. 1945 ஏப்பிரல் 12ஆம் நாள் தலை பயங்கரமாக வலிக்கிறது என்று சொல்லிச் சாய்ந்தார். அப்போது அளந்ததில் 300க்கு 190. மூளையில் இரத்தக்கசிவு. வயது 63. வல்லரசின் தலைவருக்கு அன்று கிட்டாத மருந்து, இன்று சூலூரிலும் அன்னூரிலும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசின்றிக் கிடைக்கிறது.

அந்த மருந்தின் வரலாற்றில் நம் நாட்டுக்கும் பங்குண்டு. சர்ப்பகந்தி என்னும் மூலிகையை இந்திய வைத்தியர்கள் பாம்புக்கடிக்கும் சித்தப் பிரமைக்கும் நெடுங்காலமாகக் கொடுத்து வந்தனர். பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் அதனை இரத்த அழுத்த நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, முடிவுகளை 1949இல் பிரித்தானிய இதயநோய் இதழில் எழுதினார். மேலை நாடுகள் விழித்துப் பார்த்தன. 1952இல் சுவிட்சர்லாந்து வேதியியலார் அவ்வேரிலிருந்து ரெசர்பின் என்னும் மருந்துப் பொருளைப் பிரித்தெடுத்தனர். அந்த ரெசர்பினோடு வேறு இரண்டு மருந்துகளையும் சேர்த்துத்தான் அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனைகள் ஒரு பெரும் சோதனை நடத்தி, அதன் முடிவை 1967இல் வெளியிட்டன. கீழ் எண்ணே 115 முதல் 129 வரை இருந்த 143 ஆடவர்கள். 73 பேருக்கு மருந்து. 70 பேருக்கு மருந்தைப் போலவே தோற்றமுள்ள வெறும் மாத்திரை. சராசரியாக இரண்டாண்டும் நிறையாத காலத்தில், வெறும் மாத்திரை உண்டவர்களுள் கடுமையான கேடுகள் 27. மருந்து உண்டவர்களுள் 2. அதற்கு முன்வரை, அழுத்தத்தைக் குறைப்பதால் நன்மை உண்டா என்றே கற்றறிந்த மருத்துவர்கள் வாதிட்டுக்கொண்டிருந்தனர்.

இச்சோதனையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி வேறொன்று. ஆட்களைச் சேர்ப்பதற்கு முன் சில மாதங்கள் அவர்களுக்கு வெறும் மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். அதில் ரைபோபிளேவின் என்னும் வைட்டமினைக் கலந்திருந்தார்கள். அது சிறுநீரில் கலந்து, புற ஊதா விளக்கின் கீழ் ஒளிரும். மாத்திரையை வாங்கிக்கொண்டு போய் உண்ணாதவர்களின் குட்டு அங்கே உடைந்தது. அவர்களை விலக்கிவிட்டே சோதனையைத் தொடங்கினார்கள். மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்குமுன், மனிதன் அதனை விழுங்குகிறானா என்று பார்க்கவேண்டியிருந்தது.

நம் மாநிலத்தின் நிலையும் இதனைத்தான் காட்டுகிறது. 2020இல் தமிழகமெங்கும் எடுக்கப்பட்ட கணக்கின்படி, வயது வந்தோருள் நூற்றுக்கு 33.9 பேருக்கு உயர் அழுத்தம் இருந்தது. அவர்களுள் அழுத்தம் கட்டுக்குள் இருந்தவர்கள் நூற்றுக்கு 7.3 பேர் மட்டுமே. எஞ்சியவர்களுள் தமக்கு நோய் இருப்பதையே அறியாதோரும் உண்டு, அறிந்தும் மருந்து உண்ணாதோரும் உண்டு, விட்டு விட்டு உண்போரும் உண்டு. இதன் பின்னரே 2021 ஆகஸ்டு 5ஆம் நாள், கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில், மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டம் தொடங்கப்பட்டது. மகளிர் தன்னார்வலர்கள் வீடு தேடி வந்து அழுத்தம் அளந்து, மாத்திரையையும் கையில் கொடுக்கும் ஏற்பாடு அது. மாத்திரை திண்ணைக்கு வந்துவிட்டது. திண்ணையிலிருந்து வாய்க்குச் செல்லும் தூரத்தை எந்த அரசும் கடந்து கொடுக்க முடியாது.

அந்தத் தூரத்தில் எத்தனை தடைகள்! "அளந்து பார்த்தேனுங்க, நார்மலுங்க, நிறுத்திட்டேனுங்க" என்பது முதல் தடை. அந்த நார்மல் மாத்திரை கொடுத்த நார்மல். பாத்தியைச் சுற்றி வரப்புக் கட்டியதால் நீர் நிற்கிறது. நீர்தான் நிற்கிறதே என்று வரப்பை வெட்டிவிடுவாருண்டோ? சிலருக்கு அம்லோடிபின் மாத்திரையால் கணுக்கால் வீங்கும். சிலருக்கு எனலாப்ரிலால் ஓயாத வறட்டு இருமல் வரும். இவை மெய்யான தொல்லைகள். பொறுத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். மருத்துவரிடம் சொன்னால் இருமல் வராத லோசார்டான், டெல்மிசார்டான் போன்ற வேறொன்றை மாற்றிக் கொடுப்பார். சொல்லாமல் தாமாக நிறுத்துவதே கேடு. அதிலும் அட்டெனலால், குளோனிடின் போன்றவற்றைத் திடீரென்று விட்டால் அழுத்தம் முன்னைவிடத் துள்ளி ஏறக்கூடும். பக்கத்து வீட்டு அக்காளுக்கு ஒத்துக்கொண்ட மாத்திரையை இரவல் வாங்கி உண்பதும் நம்மவர்களிடையே உண்டு. முழங்கால் வலிக்குக் கடையில் சொல்லி வாங்கும் மாத்திரைகள் பல அழுத்தத்தை ஏற்றுபவை என்பதையும் அறியார்.

இவற்றையெல்லாம்விட ஒரு குருவாக என்னை உறுத்துவது ஒன்றுண்டு. சோமனூர்ப் பக்கத்து விசைத்தறிக்காரர் ஒருவர். பெயரும் ஊரும் வேண்டா. செபக் கூட்டம் ஒன்றுக்குச் சென்று வந்து, தாம் குணம் பெற்றதாகச் சாட்சி சொன்னார். மறுநாள் முதல் மாத்திரையைத் தொடவில்லை. "மருந்து சாப்பிட்டால் விசுவாசம் இல்லை என்று ஆகாதா சாமி" என்பது அவர் கருத்து. மனைவி கெஞ்சியிருக்கிறார். எட்டு மாதம் ஒரு குறையுமில்லை. ஒரு நாள் விடியற்காலையில் தறிக்கூடத்தில் விழுந்தார். நோயில்பூசுதல் கொடுக்க நான் சென்றபோது, எண்ணெய் பூசுவதற்கு நீட்டிய கைகளுள் ஒன்றுதான் உயர்ந்தது. பேச்சும் குழறிவிட்டது. தலைமாட்டில் இருந்த ரெக்சின் பையை மனைவி திறந்து காட்டினார். பிரிக்காத மாத்திரைப் பட்டைகள், மாதம் தவறாமல் வாங்கி, ரப்பர் வளையம் போட்டு வைத்தவை. அந்த அம்மாள் அழவில்லை. "வாங்கறத மட்டும் நிறுத்துலீங்க சாமி" என்றார்.

செபத்தின் வல்லமையை நான் குறைத்துப் பேசுகிறேன் என்று எவரும் எண்ணவேண்டா. ஆண்டவர் நினைத்தால் எந்த நோயையும் நீக்கவல்லவர். ஆனால் குணமாயிற்று என்பதைத் திருச்சபை எவ்வாறு தீர்மானிக்கிறது என்பதை நம் மக்கள் அறிந்திருத்தல் நன்று. லூர்து திருத்தலத்தில் 1883 முதலாகவே மருத்துவர்கள் அமர்ந்து, குணமானதாகச் சொல்லப்படுபவற்றை ஆராய்ந்து பதிவு செய்து வருகின்றனர். 7,000க்கு மேற்பட்டோர் அங்கே தாங்கள் குணமடைந்ததாகப் பதிந்திருக்கின்றனர். அவற்றுள் புதுமை என்று ஆயர்கள் ஏற்றவை 70ஐச் சற்றே கடந்தவைதாம். பிற்காலத்தில் பதினான்காம் ஆசீர்வாதப்பர் என்னும் பெயரில் பாப்பரசரான லம்பெர்த்தினி 18ஆம் நூற்றாண்டில் வகுத்த விதிகளே இன்றும் அதற்கு அடிப்படை. அவற்றுள் ஒன்று, உண்ட மருந்தினால் நேர்ந்ததாகக் கொள்ளக்கூடிய குணத்தைப் புதுமையென்று ஏற்கலாகாது என்பது. அவ்விதியின்படி பாருங்கள். மாத்திரை உண்டு வருபவருக்கு அழுத்தம் 130க்கு 80 என்று இருந்தால், அது மாத்திரையின் வேலை. லூர்து மருத்துவர்கள் அந்தச் சாட்சியத்தைக் கையில் வாங்கவும் மாட்டார்கள். குணம் பெற்ற தொழுநோயாளியையும் நம் ஆண்டவர் நேரே வீட்டுக்கு அனுப்பிவிடவில்லை. அக்காலத்தில் அதனைச் சோதித்தறியும் பொறுப்பிலிருந்த குருவிடம் காட்டிவிட்டுப் போகச் சொன்னார். குணமாயிற்று என்று நம்புகிறவர் தம் மருத்துவரிடம் சென்று, நான் இனி இதை உண்ணவேண்டுமா என்று கேட்கட்டும். குறைக்கலாம் என்று அவர் சொன்னால் நன்றிப் பூசைக்கு நானே கருத்து எழுதிக்கொள்கிறேன்.

கிறிஸ்து பிறப்பதற்கு ஏறக்குறைய 180 ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட சீராக் ஞானநூலின் 38ஆம் அதிகாரத்தை வீட்டில் உரக்க வாசித்துப் பாருங்கள். நோயுற்றவன் செபிக்கவும் வேண்டும், மருத்துவனுக்கு இடமும் கொடுக்கவேண்டும் என்று இரண்டையும் அடுத்தடுத்து வைக்கிறார் அந்த ஞானி. அரசர்கள் இரண்டாம் நூலில் நாமான் என்னும் படைத்தலைவனின் கதையும் இங்கே பொருந்தும். யோர்தானில் ஏழு முறை முழுகு என்று எலிசா சொல்லியனுப்பியது அவனுக்கு அற்பமாகப் பட்டது, கோபித்துக்கொண்டு புறப்பட்டான். பெரிய காரியம் எதையாவது சொல்லியிருந்தால் செய்திருப்பீரே என்று வேலைக்காரர்கள்தான் திருப்பினார்கள். நம் மக்களும் அத்தகையோரே. வேளாங்கண்ணிக்கு நாட்கணக்கில் கால் கொப்பளிக்க நடப்பர், முட்டிக்காலில் ஊர்ந்து செல்வர். தினம் ஒரு பொட்டு மாத்திரை என்றால் சலிப்பு.

இனி நடைமுறை. அழுத்தம் அளக்குமுன் ஐந்து நிமிடம் அமைதியாக உட்காருங்கள். பாதம் தரையில் பதியட்டும், முதுகு சாய்ந்திருக்கட்டும், கை நெஞ்சின் மட்டத்தில் இருக்கட்டும். மாடிப்படி ஏறி வந்த மூச்சோடு அளந்த எண்ணை நம்பவேண்டா. காலையில் உண்பதா இரவில் உண்பதா என்ற கவலை மில்லில் இரவுப் பணி பார்ப்போருக்கு உண்டு. 2022இல் வெளியான பிரித்தானிய ஆய்வில் 21,000க்கு மேற்பட்டோரைக் காலை, மாலை என்று இரண்டு பிரிவாக வைத்துப் பார்த்தார்கள். மாரடைப்பிலும் பக்கவாதத்திலும் வேறுபாடு காணவில்லை. ஆகவே மருத்துவர் குறித்துச் சொன்ன நேரம் இருந்தால் அதுவே. இல்லையேல் உங்களுக்கு மறக்காத நேரமே நல்ல நேரம். மாலைச் செபமாலைக்குக் குடும்பம் கூடும் வீடுகளில் மாத்திரைப் பெட்டியைப் பீடத்தருகே வைத்துவிட்டால் பேரப்பிள்ளையே எடுத்துக் கொடுத்துவிடும். ஒரு நாள் மறந்தால் மறுநாள் இரண்டாகச் சேர்த்து உண்ணவேண்டா. உப்பு ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் இருக்கட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் அக்கணக்கில் சேர்ந்தவை என்பதை நம் இல்லத்தரசியர் ஏனோ ஒப்புக்கொள்வதில்லை. மேல் எண் பத்துக் குறைந்தால் பக்கவாதம் கால் பங்குக்கு மேல் குறைகிறது என்பது, ஆறு லட்சம் பேருக்கு மேற்பட்டோரின் கணக்கைத் திரட்டி 2016இல் லான்செட் இதழில் வந்த முடிவு.

தவக்காலத்தில் வரும் கேள்விக்கும் இங்கேயே விடை சொல்லிவிடுகிறேன். திருநீற்றுப் புதனிலும் பெரிய வெள்ளியிலும் உபவாசச் சட்டம் 18 வயது நிறைந்தோரை 59 வயது நிறையும்வரைதான் கட்டுப்படுத்துகிறது. நோயுற்றோரை அந்த வயதிலும் கட்டாயப்படுத்துவதில்லை. ஒருசந்தி இருப்பவர் மாத்திரையையும் தண்ணீரையும் ஒறுத்தல் கணக்கில் சேர்க்கலாகாது.

வேளாங்கண்ணிக்கு நடைப்பயணம் புறப்படும் குழுத் தலைவர்களுக்கு ஒரு வேண்டுகோள். செப்டம்பர் 8ஆம் நாள் திருவிழாவுக்கு ஆகஸ்டு மாத வெயிலிலேயே நடக்கத் தொடங்குகிறீர்கள். குழுவில் பிரசர் மாத்திரை உண்போர் யாவர் என்று புறப்படுமுன்பே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். நீர் பிரியும் மாத்திரை உண்போர் அந்த வெயிலில் எவ்வளவு உண்பது என்பதை முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டு வரட்டும். போக வர எத்தனை நாளோ, அத்தனை நாளைக்கும் மேலே நான்கு நாளைக்கு மாத்திரை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அதனை வேனில் வரும் பெட்டியில் வைக்கவேண்டா. வேன் எப்போதும் மூன்று கிலோமீட்டர் முன்னால்தான் நிற்கும். சட்டைப்பையிலோ இடுப்புச் சுருக்குப்பையிலோ இருக்கட்டும்.